பிரிட்டனுக்கே திரும்பி வருகிறீர்களா? என்.எச்.எஸ். இலவச சிகிச்சைக்குச் செய்ய வேண்டியவை

என் சித்தப்பா லண்டனில் 26 வருடம் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர். ஓய்வு பெற்றதும் சித்தியோடு கும்பகோணத்துக்குப் போய் ஒன்பது வருடம் இருந்தார். சித்தி காலமான பிறகு தனியாக இருக்க முடியாமல் லண்டனிலேயே இருக்கும் மகள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். சில மாதங்களில் என்.எச்.எஸ். என்ற பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையின் கீழ், கண்புரை அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனையில் ஏற்பாடானது. கூடவே ஒரு கடிதமும் வந்தது: இலவச சிகிச்சைக்கு நீங்கள் உரியவர்தான் என்று ஆதாரம் காட்டுங்கள், இல்லாவிட்டால் முன்கூட்டியே பணம் கட்ட வேண்டியிருக்கும்.

"இந்த நாட்டுக்கு எத்தனை வருஷம் வரி கட்டியிருக்கேன், என்னைப் பார்த்தா கேக்கறாங்க?" என்று அன்று அவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. பீரோவைக் குடைந்து பழைய வருமான வரிச் சான்றுகள், பென்ஷன் கடிதம், பாஸ்போர்ட் நகல் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு அனுப்பினார். அவற்றில் ஒன்றுகூட மருத்துவமனை கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. மறுபடியும் கடிதம் வந்தது.

அவர் பட்ட வேதனை இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இந்தியாவிலிருந்தோ, இலங்கையிலிருந்தோ, வளைகுடாவிலிருந்தோ பல வருடம் கழித்து பிரிட்டன் திரும்பும் நம் ஆட்களுக்கு இது பயன்படும். நான் சொல்வது பெரும்பாலும் இங்கிலாந்துக்கான விதிகள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு. அடிப்படைக் கொள்கை ஒன்றுதான், நடைமுறையில் வித்தியாசம் இருக்கும்.

முதலில், அவர்கள் கேட்கும் கேள்வி என்ன?

என்.எச்.எஸ். 1948 ஜூலை 5ஆம் தேதி தொடங்கிய நாளிலிருந்து வரிப்பணத்தில்தான் நடக்கிறது. அதனால், வரி கட்டியவனுக்கு உரிமை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நம் ஊரில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பார்த்துப் பழகியவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் இங்கே வரிக்கும் சிகிச்சைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. சம்பளத்தில் பிடிக்கும் நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுத் தொகையைக் கட்டிய வருடங்கள் பென்ஷனுக்குக் கணக்கு, மருத்துவமனைக்குக் கணக்கில்லை. பாஸ்போர்ட்டும் போதாது. இந்த நாட்டில் சொந்த வீடு இருந்து, அதற்கு வருடாவருடம் கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வரி கட்டி வந்தாலும் அது மட்டும் போதாது.

கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இப்போது, சிகிச்சை பெறும் இந்த நேரத்தில், நீங்கள் இங்கே குடியிருப்பவரா? ‘ஆர்டினரிலி ரெசிடென்ட்’ என்பது அவர்கள் வார்த்தை. தமிழில் ‘வழக்கமாக வசிப்பவர்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு அளவுகோல் 1982இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை கொடுத்த ஒரு தீர்ப்பிலிருந்து வருகிறது. அந்த வழக்குக்கும் மருத்துவத்துக்கும் சம்பந்தமே இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து படித்த மாணவர்கள் கல்வி உதவித்தொகை கேட்டுப் போட்ட வழக்கு அது. அதில் நீதிபதி ஸ்கார்மன் பிரபு சொன்னதன் சாரம் இது. ஒருவர் இங்கே சட்டப்படி இருக்க வேண்டும், தன் விருப்பத்தோடு இருக்க வேண்டும், நிலையான ஒரு நோக்கத்தோடு, அன்றாட வாழ்க்கையின் பகுதியாக இருக்க வேண்டும். காலம் குறைவாக இருந்தாலும் சரி, நீண்டதாக இருந்தாலும் சரி. நோக்கத்துக்கு அவர் சொன்ன உதாரணங்களில் படிப்பு, தொழில், வேலை, உடல்நலம், குடும்பம், அந்த இடத்தின் மீதுள்ள பிரியம் எல்லாமே இருக்கின்றன. மகளோடு இருக்க வேண்டும் என்று வந்த சித்தப்பாவின் காரணம் அதற்குள் அப்படியே அடங்குகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெளிவாகிறது. ஒன்று: பத்து வருடம் வெளியே இருந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்பும் பிரிட்டிஷ் குடிமகனுக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. ‘ஆறு மாசம் இருந்தால்தான் கிடைக்கும்’ என்று நம்மவர்கள் நம்பிக்கையோடு சொல்வார்கள். அப்படி ஒரு விதி இல்லை. விமானம் இறங்கிய அன்றே நீங்கள் இங்கே குடிவந்தவர்தான். இரண்டு: மூன்று வாரம் கல்யாணத்துக்கு வந்து, முழங்கால் வலிக்கும் பார்த்துவிட்டுப் போகலாம் என்றால், பாஸ்போர்ட் பிரிட்டிஷாகவே இருந்தாலும் மருத்துவமனை சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டும். அதுவும் என்.எச்.எஸ்.ஸின் சொந்தக் கட்டண விகிதத்தில் ஒன்றரை மடங்கு.

சிலர் ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் சென்னையில் என்று இருக்கிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில் வழக்கமாக வசிப்பவராக இருப்பதற்கு இங்கே இடம் உண்டு. இங்கே இருக்கும் காலம் உங்கள் வாழ்க்கையின் ஒழுங்கான பகுதி என்று காட்ட முடிந்தால் போதும். வருமான வரியில் சொல்லும் 183 நாள் கணக்கை இதில் கொண்டுவந்து குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 1: உங்கள் நிலை எது என்று பாருங்கள்

டிக்கெட் போடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், குறிப்பாகக் குடியுரிமை எடுக்காதவர்கள்.

பிரிட்டிஷ் குடியுரிமை இருந்தால் நுழைவதில் சிக்கல் இல்லை. இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பதும் இதைப் பாதிக்காது.

ஐ.எல்.ஆர். என்ற நிரந்தர வசிப்பு அனுமதியோடு போனவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே இருந்தால் அந்த அனுமதி காலாவதியாகிவிடும். ஐரோப்பியக் குடியுரிமையோடு ‘செட்டில்டு ஸ்டேட்டஸ்’ என்ற நிரந்தர வசிப்பு நிலை வாங்கியவர்களுக்கு ஐந்து வருடம். பிரான்ஸ், ஜெர்மனி வழியாக வந்து லண்டனில் குடியேறிய ஈழத்துக் குடும்பங்களில் இது நிறையப் பேருக்குப் பொருந்தும். அனுமதி காலாவதியானவர்கள் ‘ரிட்டர்னிங் ரெசிடென்ட்’ விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். "பரவாயில்லை, விசிட்டர் விசாவில் போய் அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பி வராதீர்கள். விசிட்டராக நுழைந்துவிட்டால் எவ்வளவு வருடம் இங்கே வாழ்ந்திருந்தாலும் மருத்துவமனைக் கணக்கில் நீங்கள் விசிட்டர்தான்.

கூட வரும் கணவரோ மனைவியோ இந்தியக் குடிமகனாக இருந்தால், அவருக்கு உங்கள் உரிமை தானாக ஒட்டிக்கொள்ளாது. ஒவ்வொருவரையும் தனியாகத்தான் பார்ப்பார்கள். துணைவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே ‘இமிக்ரேஷன் ஹெல்த் சர்சார்ஜ்’ என்ற மருத்துவக் கூடுதல் கட்டணத்தைக் கட்டுவீர்கள். 2024 பிப்ரவரி 6 முதல் பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்குக் கீழே 776. விசாக் காலம் முழுமைக்கும் மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பதால் பெரிய தொகையாக வரும். பயணச் செலவுக் கணக்கில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டிவிட்டால் விசா செல்லுபடியாகும் வரை மருத்துவமனை சிகிச்சை இங்கே வசிப்பவர்களுக்குப் போலவே கிடைக்கும்.

படி 2: ஊரைவிட்டுக் கிளம்பும் முன் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

என்னைக் கேட்டால், இந்த மொத்த விஷயத்திலும் முக்கியமான படி இதுதான். இங்கே வந்த பிறகு ஊரில் உள்ள காகிதத்தைத் தேடுவது சிரமம்.

உங்கள் வாழ்க்கை அங்கிருந்து இங்கே நகர்ந்துவிட்டது என்று காட்ட வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் சான்று வேண்டும்: அங்கே முடித்துக்கொண்டது, இங்கே தொடங்கியது.

அங்கே முடித்ததற்கு: வாடகை வீட்டைக் காலி செய்த கடிதம், வீட்டை விற்றிருந்தால் பத்திர நகல், வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் அந்த ஒப்பந்தம், வேலையை ராஜினாமா செய்து அவர்கள் ஏற்றுக்கொண்ட கடிதம், வளைகுடாவில் இருந்தவர்களுக்கு விசா ரத்தான காகிதம், பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், சாமான்களைக் கப்பலில் அனுப்பிய ரசீது, ஒருவழி விமான டிக்கெட். போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திரும்பி வந்த தேதிக்கு அதுதான் எளிய சான்று. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் இங்கே நுழையும்போது முத்திரை குத்த மாட்டார்கள்.

இங்கே தொடங்கியதற்கு: வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக் கடன் காகிதம், கவுன்சில் டாக்ஸ் பில், கரண்ட், கேஸ் பில், வங்கிக் கணக்கில் புது முகவரி, வேலை நியமனக் கடிதம், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த கடிதம், வாக்காளர் பட்டியலில் பெயர்.

பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சேரும் பெரியவர்களுக்கு இதில் பாதி இருக்காது. பில் எல்லாம் மகன் பெயரில் இருக்கும், மகள் பெயரில் இருக்கும். சித்தப்பாவுக்கும் அப்படித்தான். மகளிடமிருந்து ஒரு கடிதம் வாங்கினோம்: இன்ன தேதியிலிருந்து அப்பா எங்களோடு நிரந்தரமாக இருக்கிறார், இன்ன காரணத்துக்காகத் திரும்பினார் என்று. அதோடு சித்தியின் இறப்புச் சான்றிதழ், கும்பகோணம் வீட்டை ஒப்படைத்த காகிதம், ஒருவழி டிக்கெட், பென்ஷன் அலுவலகத்துக்கு முகவரி மாற்றம் சொல்லி வந்த பதில் எல்லாம் வைத்தோம். இரண்டே வாரத்தில் சரியாகிவிட்டது. முதல் தடவையே இதை அனுப்பியிருந்தால் அவருக்கு அந்த மனக்கஷ்டம் வந்தே இருக்காது.

எல்லாமே வேண்டும் என்று சட்டம் எங்கேயும் பட்டியல் போடவில்லை. மொத்தமாகப் பார்த்து முடிவெடுப்பார்கள். தமிழிலோ அரபியிலோ உள்ள காகிதங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பை ஊரிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவக் காகிதங்களையும் மறக்க வேண்டாம்

இது உரிமை பற்றியது அல்ல, உயிர் பற்றியது. ஊரில் பார்த்த டாக்டரிடம் ஒரு சுருக்கக் கடிதம் வாங்குங்கள்: என்ன நோய், எப்போதிலிருந்து, என்ன மருந்து, என்ன அளவு. மருந்தின் கம்பெனிப் பெயரை மட்டும் எழுதினால் இங்கே யாருக்கும் புரியாது. ‘தைரோநார்ம்’ என்றால் இங்குள்ள டாக்டர் விழிப்பார். ‘லெவோதைராக்சின்’ என்றால் உடனே தெரியும். ஆகவே மூலப்பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஊரில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இரண்டு மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் சேர்த்துக் கொடுப்பது சாதாரணம். இங்கே அவற்றில் பலவற்றைத் தனித்தனி மாத்திரையாக மாற்றிக் கொடுப்பார்கள். பெரியவர்கள் இதைப் பார்த்து "மருந்தைக் கூட்டிட்டாங்க" என்று பயப்படுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கையில் குறைந்தது ஆறு, எட்டு வாரத்துக்கு மருந்து இருக்கட்டும். தூக்க மாத்திரை, வலுவான வலி மருந்து போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை மூன்று மாத அளவுக்குக் குறைவாக, டாக்டர் கடிதத்தோடு கொண்டுவர வேண்டும். அதற்கு மேல் என்றால் உரிமம் வாங்க வேண்டியிருக்கும். குழந்தைகளின் தடுப்பூசி அட்டை, பழைய ஸ்கேன் அறிக்கைகள், ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் அட்டை, இவை கைப்பையில் வரட்டும், கப்பல் பெட்டியில் வேண்டாம்.

இன்னொன்று: பல் வேலை பாக்கி இருந்தால் ஊரிலேயே முடித்துவிட்டு ஏறுங்கள். இங்கே என்.எச்.எஸ். பல் மருத்துவரிடம் புதிதாக இடம் கிடைப்பது பல ஊர்களில் மிகக் கடினம். கிடைத்தாலும் பெரியவர்களுக்கு அது முழு இலவசம் இல்லை.

படி 3: வந்த முதல் வாரமே ஜி.பி.யிடம் பதிவு

ஜி.பி. என்பது உங்கள் பகுதிக் குடும்ப மருத்துவர். இங்கே எல்லாவற்றுக்கும் வாசல் அதுதான். நேராக இதய நிபுணரிடம் போக வழி கிடையாது. ஜி.பி. அனுப்பினால்தான் போகலாம்.

நீங்கள் நிரந்தரமாக வெளிநாடு போனபோது பழைய ஜி.பி. பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்திருப்பார்கள். அதனால் புதிதாகப் பதிய வேண்டும். ஆனால் உங்கள் பத்து இலக்க என்.எச்.எஸ். எண் அப்படியே இருக்கும். பழைய கடிதம், மருந்துச் சீட்டு ஏதாவது இருந்தால் அதில் பாருங்கள். கிடைக்காவிட்டால் பரவாயில்லை, பழைய முகவரியையும் பிறந்த தேதியையும் வைத்து அவர்களே தேடி எடுப்பார்கள். பதிவுப் படிவத்தில் நாட்டைவிட்டுப் போன தேதி, திரும்பிய தேதி, முன்பு பதிந்திருந்த முகவரி எல்லாம் கேட்பார்கள். உண்மையான தேதிகளை எழுதுங்கள். பழைய பதிவேடுகளை உங்களோடு இணைக்க அது உதவும். இப்போது பல இடங்களில் இணையத்திலேயே பதிந்துவிடலாம்.

இங்கே ஒரு நல்ல செய்தி. இங்கிலாந்தில் ஜி.பி.யிடம் பதிவதும், அவரையோ நர்ஸையோ பார்ப்பதும் எல்லோருக்கும் இலவசம். வழக்கமாக வசிப்பவர் என்ற கேள்வியே அங்கு எழாது. அடையாளச் சான்றோ முகவரிச் சான்றோ கட்டாயம் இல்லை. இருந்தால் கொடுங்கள், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் "பில் கொண்டுவந்தால்தான் பதிவோம்" என்று ரிசப்ஷனில் திருப்பி அனுப்பினால் அது சரியில்லை. மரியாதையாகவே சொல்லுங்கள், மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று. 14 நாளுக்குள் எழுத்தில் காரணம் தர வேண்டியது அவர்கள் கடமை. பட்டியல் நிரம்பிவிட்டது, நீங்கள் அவர்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள் போன்ற காரணங்கள் செல்லும். பில் இல்லை என்பது செல்லாது. வட அயர்லாந்தில் மட்டும் பதிவின்போதே ஆவணங்கள் கேட்பார்கள்.

ஆங்கிலம் சரளமாக வராத பெரியவர்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதியும்போதே எழுதிவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, பெரும்பாலும் தொலைபேசி வழியாக ஏற்பாடு செய்வார்கள். பேரப்பிள்ளையை உட்கார வைத்து மொழிபெயர்க்கச் சொல்வதைத் தயவுசெய்து தவிருங்கள். பாட்டி தன் உடம்பில் உள்ளதைப் பேரன் முன்னால் முழுதாகச் சொல்ல மாட்டார்.

சிலர் ஜி.பி. பதிவு கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஜி.பி.யில் பதிந்திருப்பது மருத்துவமனை இலவசத்துக்கு ஆதாரம் ஆகாது. என்.எச்.எஸ். எண்ணும் அப்படித்தான். மருத்துவமனை தனியாகக் கேட்கும்.

படி 4: மருத்துவமனைக் கடிதம் வந்தால்

ஒவ்வொரு மருத்துவமனையிலும் ‘ஓவர்சீஸ் விசிட்டர்’, அதாவது வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கான பிரிவு என்று ஒன்று இருக்கும். நோயாளி இலவசத்துக்கு உரியவரா என்று பார்ப்பது அவர்களின் சட்டக் கடமை. 2015இல் வந்த விதிகளும், அவற்றில் 2017இல் செய்த திருத்தமும்தான் அடிப்படை. 2017 அக்டோபர் 23 முதல், அவசரமில்லாத சிகிச்சைக்கு, கட்டணம் செலுத்த வேண்டியவர்களிடம் முன்கூட்டியே பணம் வாங்க வேண்டும் என்று ஆனது. அதனால்தான் கண்புரை, முழங்கால் போன்றவற்றுக்கு முன்பே கடிதம் வந்துவிடுகிறது.

கடிதம் வந்தால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறம் பார்த்துக் கேட்கக் கூடாது, எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்பதுதான் அரசின் வழிகாட்டுதல். அப்படி நடக்கவில்லை என்று தோன்றினால் புகார் செய்யுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் புகார் வேறு, ஆதாரம் வேறு. ஆதாரத்தை முதலில் அனுப்பிவிடுங்கள்.

பதிலை இப்படி எழுதலாம். முதல் வரியிலேயே: "நான் இன்ன தேதியில் பிரிட்டனில் நிரந்தரமாக வசிக்கத் திரும்பிவிட்டேன், இங்கே வழக்கமாக வசிப்பவன்." அடுத்து திரும்பியதற்கான காரணம், இரண்டு வரி. பிறகு எங்கே, யாரோடு வசிக்கிறீர்கள். கடைசியில் இணைத்துள்ள காகிதங்களின் பட்டியல். வரி கட்டிய கதையை எழுத வேண்டாம். அது எவ்வளவு நியாயமாக நமக்குப் பட்டாலும், படிப்பவருக்கு அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. அசல்களைத் தபாலில் அனுப்பாதீர்கள், நகல் போதும்.

அவசரம் என்றால் நிலைமை வேறு. உடனடியாகத் தேவைப்படும் சிகிச்சையையும், ஊர் திரும்பும் வரை தள்ளிப்போட முடியாத சிகிச்சையையும் பணத்துக்காக நிறுத்தி வைக்கக் கூடாது. எது அவசரம் என்று முடிவெடுப்பவர் டாக்டர், கணக்குப் பிரிவு இல்லை. பிரசவம் சார்ந்த எல்லா சிகிச்சையும் எப்போதும் உடனடித் தேவையாகவே கருதப்படும். ஆனால் இலவசத்துக்கு உரியவர் இல்லை என்றால் பிறகு பில் வரும்.

தவறாகப் பணம் கட்டிவிட்டீர்கள், பிறகு ஆதாரம் கிடைத்தது என்றால், சிகிச்சை நேரத்தில் நீங்கள் இங்கே வசித்தவர்தான் என்று காட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்தப் பிரிவோடு பேச்சு நகராவிட்டால் மருத்துவமனையிலேயே ‘பால்ஸ்’ என்ற நோயாளர் உதவிப் பிரிவு இருக்கும், அங்கே போங்கள். அப்புறம் முறைப்படி எழுத்துப் புகார், அதற்கும் மேலே நாடாளுமன்ற மற்றும் சுகாதார ஆம்பட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளர்.

வசிப்பவராக இல்லாவிட்டாலும் இலவசமாகக் கிடைப்பவை

விருந்தாளியாக வரும் அப்பா அம்மாவுக்காக இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜி.பி.யைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மூன்று மாதத்துக்குக் குறைவாக இருப்பவர்களைத் தற்காலிக நோயாளியாகச் சேர்த்துக்கொள்வார்கள். விபத்து, அவசரப் பிரிவில் பார்ப்பது எல்லோருக்கும் இலவசம். ஆனால் வார்டில் சேர்த்துவிட்டாலோ, வெளிநோயாளியாகத் தேதி கொடுத்துவிட்டாலோ அந்த நிமிடத்திலிருந்து கணக்கு ஓடத் தொடங்கும். நெஞ்சுவலி என்று ஓடிய இடத்தில் ஒரு வாரம் சேர்த்தால் பில் ஆயிரக்கணக்கான பவுண்டு. காசநோய், எச்.ஐ.வி. உள்ளிட்ட சில தொற்றுநோய்களுக்கான பரிசோதனையும் சிகிச்சையும் யாருக்கும் இலவசம். குடும்ப வன்முறையால் ஏற்பட்ட பாதிப்புக்கான சிகிச்சையும் இலவசம், அதற்காகவே பயணம் செய்து வந்திருக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. 111 என்ற தொலைபேசி எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்பதற்கும் கட்டணம் இல்லை.

இந்தியாவோடு பிரிட்டனுக்கு மருத்துவப் பரஸ்பர ஒப்பந்தம் இல்லை. ஆகவே விசிட்டர் விசாவில் பெற்றோரை அழைக்கும் பிள்ளைகள் டிக்கெட்டோடு சேர்த்துப் பயணக் காப்பீடும் எடுங்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய்க்கும் சேர்த்து எடுங்கள். விலை அதிகம்தான். இருந்தாலும் எடுங்கள்.

உரிமை கிடைத்த பிறகும் காசு கேட்பவை

இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கு ஒரு மருந்துக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. 2024 மே மாதம் அது 9.90 பவுண்டு ஆனது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் கட்டணமே இல்லை. இங்கிலாந்திலும் 60 வயது ஆனவர்களுக்கும் 16க்குக் கீழானவர்களுக்கும் இலவசம்.

நம்மவர்களில் பலர் தவறவிடும் ஒன்று இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், தைராய்டு குறைபாட்டுக்கு லெவோதைராக்சின் எடுப்பவர்கள், எந்த வயதானாலும் ‘மெடிக்கல் எக்ஸம்ப்ஷன்’ என்ற மருந்துக் கட்டண விலக்குச் சான்றிதழ் வாங்கலாம். அது கையில் இருந்தால் எல்லா மருந்துமே இலவசம், சர்க்கரை மருந்து மட்டும் இல்லை. ஜி.பி. அலுவலகத்தில் எஃப்.பி.92ஏ என்ற படிவம் கேளுங்கள். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் 60 வயதானவர்களுக்கும் கண் பரிசோதனை இலவசம், கண்ணாடிக்குத்தான் காசு.

முதியோரைக் குளிப்பாட்ட, உடை மாற்ற வீட்டுக்கு ஆள் வருவதும், முதியோர் இல்லமும் என்.எச்.எஸ். கணக்கில் பொதுவாக வராது. அது கவுன்சில் என்ற உள்ளாட்சி அமைப்பின் வேலை, உங்கள் சொத்துக் கணக்கைப் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் செலவை நீங்களேதான் ஏற்க வேண்டும். ஊரில் உள்ள நிலம், வீட்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பென்ஷன் கிரெடிட், யுனிவர்சல் கிரெடிட் போன்ற உதவித்தொகைகளுக்கு வேறொரு வசிப்புச் சோதனை வைத்திருக்கிறார்கள். அதில் புதிதாகத் திரும்பியவர்களை முதலில் மறுப்பது நடக்கும். அந்தக் கடிதத்தைப் பார்த்து, ஆஸ்பத்திரியும் போச்சு என்று சித்தப்பாவின் நண்பர் ஒருவர் நான்கு மாதம் மூச்சிரைப்போடு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டும் வேறு வேறு துறை, வேறு வேறு விதி. உதவித்தொகை மறுத்தாலும் சிகிச்சை உரிமை அப்படியே இருக்கும். அவரைக் கடைசியில் ஜி.பி.யிடம் அழைத்துப்போனது சித்தப்பாதான், அந்தக் காகிதக் கவரின் நகலையும் கையில் எடுத்துக்கொண்டு.